சைக்கிள் விற்கிற சாக்கில் கொஞ்சம் ஆங்கிலம்

ஆங்கிலம் எழுதிப் பழக டைரி எழுதுங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். மூன்று நாள் எழுதுவோம், நாலாம் நாள் எழுத ஒன்றும் இருக்காது, அப்புறம் நோட்டு பரண்மேல் ஏறிவிடும். மாலையில் என்னிடம் ஆங்கிலம் படிக்க வருகிற நாலைந்து பேருக்கு நான் கொடுக்கிற முதல் வேலை வேறு. வீட்டில் சும்மா கிடக்கிற ஒரு பொருளைப் பாருங்கள், அதை விற்க, பேப்பரில் 'கிளாசிஃபைட்' என்று வருகிற வரி விளம்பரம் மாதிரி ஆங்கிலத்தில் ஒன்று எழுதுங்கள், இருபது சொல்லைத் தாண்டக் கூடாது. அவ்வளவுதான்.

முதல் தடவை யாருக்கும் இருபதில் நிற்காது, நிற்கவும் வேண்டாம். மனதில் வருகிறபடி முழு வாக்கியமாகவே எழுதிவிடுங்கள். ஒரு அக்கா எழுதிக்கொண்டு வந்ததைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன், நீங்கள் நோட்டில் ஆங்கில எழுத்தில் எழுதிப் பாருங்கள், ஸ்பெல்லிங் உங்கள் பொறுப்பு.

"ஐ ஆம் ஹேவிங் ஒன் லேடீஸ் சைக்கிள். இட் இஸ் வெரி குட் கண்டிஷன். ஐ வான்ட் டு செல் இட் பிகாஸ் மை டாட்டர் இஸ் கோயிங் டு காலேஜ் பை பஸ். இன்ட்ரஸ்டிங் பர்சன்ஸ் கால் மீ ஆஃப்டர் சிக்ஸ் ஓ கிளாக்."

32 சொல். இவ்வளவு எழுதியும் விலை இல்லை, எத்தனை வருடம் ஓட்டியது என்று இல்லை, நிறம் கூட இல்லை. மகள் பஸ்ஸில் போகிற கதை மட்டும் இருக்கிறது, வாங்க வருகிறவருக்கு அது எதற்கு? கடைசி வரியில் 'இன்ட்ரஸ்டிங்' என்று போட்டதால் சுவாரசியமான ஆட்கள் மட்டும் போன் செய்யலாம் என்று ஆகிவிட்டது. ஆர்வம் உள்ளவர் 'இன்ட்ரஸ்டட்', ஆர்வத்தைக் கிளப்புவது 'இன்ட்ரஸ்டிங்'. இந்தக் குழப்பம் வராதவர் என் வகுப்பில் இதுவரை இல்லை, அதனால் கூச்சப்பட வேண்டாம்.

இப்போது பென்சிலை எடுத்து அடிக்க ஆரம்பியுங்கள். ஐ, வீ, மை எல்லாம் போகட்டும், விற்பது நீங்கள்தான் என்று தெரிந்ததுதானே. ஆம், இஸ், ஆர் போகட்டும். ஏ, ஆன், தி மூன்றையும் கண்ணை மூடிக்கொண்டு அடிக்கலாம். காரணக் கதை வேண்டாம். மிச்சம் இருப்பதோடு விட்டுப்போன விவரங்களைச் சேர்த்தால் இப்படி வரும்:

"ஃபார் சேல்: லேடீஸ் பைசைக்கிள், ரெட், டூ இயர்ஸ் ஓல்ட், வெல் மெயின்டெய்ன்ட், நியூ டயர்ஸ். ரூ. 3,500, நெகோஷியபிள். கால் ஆஃப்டர் 6 பிஎம்."

விலையை ஒரு சொல்லாக எண்ணினால் 18 சொல். 'ஐ ஹேவ்' என்று வர வேண்டிய இடத்தில் வந்த 'ஐ ஆம் ஹேவிங்' என்ற தப்பை நான் திருத்தவே இல்லை, அது தானாகவே காணாமல் போய்விட்டது. நமக்கு ஆங்கிலத்தில் அதிகம் இடறுவது வினைச்சொல்லில்தான், வரி விளம்பரம் அந்த வினையையே பாதி தூக்கிப் போட்டுவிடுகிறது, அதனால்தான் புதிதாகப் படிக்கிறவருக்கு இதை முதல் வேலையாகக் கொடுக்கிறேன். பொருளை முதலில் வைத்து கமா போட்டு விவரத்தை அடுக்குவதால், ரெட் முன்னால் வருமா ஓல்ட் முன்னால் வருமா என்ற தலைவலியும் கிடையாது.

தந்தி அனுப்பிய தலைமுறைக்கு இதெல்லாம் தண்ணி பட்ட பாடு. "ஃபாதர் சீரியஸ் ஸ்டார்ட் இம்மீடியட்லி" என்பதில் ஒரு சொல் அதிகம் கிடையாது, ஏனென்றால் சொல்லுக்குக் காசு. 2013 ஜூலையில் தந்தி நின்றது, பேப்பர் விளம்பரத்தில் மட்டும் அந்தக் கணக்கு இன்னும் ஓடுகிறது.

ஆனால் எதையும் அடித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். ஃபார், வித், நியர், இன் போன்ற சின்னச் சொற்கள் பெரும்பாலும் இருந்தே ஆக வேண்டும். 'ஃபிளாட் நியர் ஸ்டேஷன்' என்பதில் நியரை எடுத்தால் வீடு ஸ்டேஷனுக்குள் போய்விடும். 'ஃபார் சேல்' என்பதை 'ஃபார் செல்' என்று எழுதாதீர்கள், சேல் பெயர், செல் வினை. அப்புறம் அந்த எஸ். 'டூ இயர்ஸ் ஓல்ட்' என்று பின்னால் வந்தால் எஸ் உண்டு, 'டூ-இயர்-ஓல்ட் ஃபிரிட்ஜ்' என்று பொருளுக்கு முன்னால் வந்தால் எஸ் கிடையாது, இடையில் சின்னக் கோடு வரும். 'டூ-பெட்ரூம் ஃபிளாட்', ஆனால் 'ஃபிளாட் வித் டூ பெட்ரூம்ஸ்'. ஃபர்னிச்சருக்கு எப்போதுமே எஸ் கிடையாது, பத்து நாற்காலி இருந்தாலும் சரி.

இனிமேல் சொல்லப் போவது பாடப் புத்தகத்தில் அவ்வளவாக வராது. நாம் ஆங்கிலம் என்று நினைத்துப் புழங்குகிற பல சொற்கள் வெளியூர்க்காரருக்கு வேறு பொருள் தரும். கட்டிலை விற்க 'காட்' என்று போட்டால் சென்னையில் சரி, பிரிட்டனில் அது குழந்தையைப் படுக்க வைக்கிற தொட்டில் கட்டில், அமெரிக்காவில் மடக்கித் தூக்கிப் போகிற முகாம் கட்டில். 'பெட்' என்று எழுதுங்கள், அளவையும் போடுங்கள். பீரோ இன்னும் மோசம். பிரிட்டனில் 'பீரோ' என்றால் மூடி வைத்த எழுத்து மேஜை, அமெரிக்காவில் துணி வைக்கிற இழுப்பறை. நம் இரும்பு பீரோவுக்கு 'ஸ்டீல் வார்ட்ரோப்' என்றால் எங்கேயும் புரியும். ஹாலும் அப்படித்தான். பிரிட்டனில் வாசல் கதவைத் திறந்ததும் வருகிற நடைதான் ஹால், நாம் டிவி பார்க்கிற இடம் 'லிவிங் ரூம்'. 2 பிஎச்கே என்பது இந்தியாவிலும் நம்மவர்கள் நிறைந்த துபாயிலும் செல்லும், லண்டனில் 'டூ-பெட் ஃபிளாட்' என்றுதான் போடுவார்கள். அட்வான்ஸை 'டெபாசிட்' ஆக்குங்கள். 'லீஸ்' என்று மட்டும் போட்டு நிறுத்தாதீர்கள், மொத்தமாக ஒரு தொகை கொடுத்து வாடகை இல்லாமல் இருந்துவிட்டுக் காலி செய்யும்போது அதைத் திரும்ப வாங்குகிற நம்மூர் ஒத்தி அந்த ஆங்கிலச் சொல்லுக்குள் இல்லை. 'நோ மன்த்லி ரென்ட், ஃபுல்லி ரீஃபண்டபிள் டெபாசிட்' என்று விரித்துத்தான் சொல்ல வேண்டும். நம்மூர்க்காரருக்கு மட்டும் எழுதுகிறீர்கள் என்றால் காட், பீரோ எல்லாம் தாராளமாகப் போடுங்கள், யார் படிக்கப் போகிறார்கள் என்று தெரிந்து எழுதினால் போதும்.

விலைக்குப் பக்கத்தில் நாம் 'நெகோஷியபிள்' போடுகிற இடத்தில் பிரிட்டனில் ஓ.என்.ஓ. (ஆர் நியரஸ்ட் ஆஃபர், அல்லது அதற்குக் கிட்டத்தட்ட வருகிற விலை) என்றும் அமெரிக்காவில் ஓ.பி.ஓ. (ஆர் பெஸ்ட் ஆஃபர், அல்லது கேட்பதில் நல்ல விலை) என்றும் பார்க்கலாம். வாடகைக்கு பிரிட்டனில் 'டு லெட்', அமெரிக்காவில் 'ஃபார் ரென்ட்'. அந்த 'டு லெட்' போர்டில் நடுவில் ஆங்கில எழுத்து ஐ ஒன்றை எழுதி 'டாய்லெட்' ஆக்கிவிட்டுப் போகிற குறும்பும் உண்டு.

ஆள் தேவை என்றால் 'வான்டட்', பொருள் தொலைந்தால் 'லாஸ்ட்', தலைப்பு மாறுமே தவிர அடிக்கிற வேலை ஒன்றுதான். சிபிஎஸ்இ பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதே வேலை 50 சொல்லுக்குள் என்று பாடத்திலேயே இருக்கிறது. தொலைந்த பொருள் விளம்பரத்தில் மட்டும் ஒரு அடையாளத்தைச் சொல்லாமல் விட்டுவையுங்கள், யாராவது போன் செய்தால் கேட்டுச் சரிபார்க்க உதவும்.

'குட் கண்டிஷன்' என்று எல்லோரும் போடுவார்கள், அதனால் அது காதில் விழாது. 'நியூ டயர்ஸ்' விழும். ஒரு கீறல் இருந்தால் 'ஸ்மால் ஸ்க்ராட்ச் ஆன் ஃபிரேம்' என்று நீங்களே போட்டுவிடுங்கள், நேரில் வந்து பார்த்து விலையைக் குறைக்க அவருக்கு ஒரு சாக்கு குறையும். நிஜமாகவே இணையத்தில் போடுவதாக இருந்தால் வீட்டு முகவரி வேண்டாம், ஏரியா பெயர் போதும். பணம் அனுப்புகிறேன், இந்தக் கியூஆர் கோடை ஸ்கேன் செய்யுங்கள் என்று யாராவது சொன்னால் போனை வைத்துவிடுங்கள், யுபிஐயில் பணம் வாங்க ஸ்கேனும் வேண்டாம், 'பின்' நம்பரும் வேண்டாம்.

எழுதி முடித்ததும் வேலையைத் திருப்பிப் போடுங்கள், அடித்ததை எல்லாம் வாய்விட்டு மறுபடி முழு வாக்கியமாக்குங்கள். 'வெல் மெயின்டெய்ன்ட்' என்பது 'இட் ஹாஸ் பீன் வெல் மெயின்டெய்ன்ட்' ஆகட்டும், அந்த அக்கா விட்ட 'இன்' சேர்ந்து 'இட் இஸ் இன் குட் கண்டிஷன்' ஆகட்டும். போன் வந்தால் தந்தி மாதிரி பேச முடியாது இல்லையா? பக்கத்தில் ஒருவரை உட்கார வைத்து வாங்குகிறவராக நடிக்கச் சொல்லுங்கள். 'இஸ் இட் ஸ்டில் அவெய்லபிள்?' என்று ஆரம்பிப்பார், இரண்டாம் கேள்வியிலேயே 'வாட் இஸ் யுவர் லாஸ்ட் பிரைஸ்?' என்பார். அது 'கடைசியா என்ன விலைங்க' என்பதை அப்படியே தூக்கி வைத்தது, இந்தியா முழுக்கப் புரியும், அதற்கு அப்பால் 'வாட்ஸ் தி லோயஸ்ட் யூட் டேக்?' என்று கேட்பார்கள். எப்படிக் கேட்டாலும் பதில் ஒன்றுதான்: 'கம் அண்ட் சீ இட் ஃபர்ஸ்ட்.'