டீசல் காரில் கரி வடிகட்டி விளக்கு எரிந்தால் என்ன செய்ய வேண்டும்?

என் வீடு திருவையாற்றில். தினமும் மகளைக் கண்டியூர் பள்ளியில் விட்டுவிட்டுத் திரும்புவேன். போக வர ஆறேழு கிலோமீட்டர், அவ்வளவுதான் காருக்கு வேலை. வாங்கி எட்டு மாதம் ஆன நிலையில் டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தது. சைலன்சர் மாதிரி ஒரு படம், அதற்குள் புள்ளிகள். டி.பி.எஃப் எனப்படும் கரி வடிகட்டி நிறைந்துவிட்டது என்று அர்த்தம். மூன்று வாரம் அலைந்து கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன்.

முதலில், உள்ளே நடப்பது

வடிகட்டி என்பது தேன்கூடு போன்ற பீங்கான் கட்டி. அதிலுள்ள குழல்கள் ஒன்றுவிட்டு ஒன்று முனையில் அடைக்கப்பட்டிருக்கும். அதனால் புகை பக்கத்துச் சுவரின் நுண்துளை வழியாகத்தான் வெளியேற முடியும், கரி சுவரிலேயே தங்கிவிடும். காபி ஃபில்டரில் தூளே தூளை வடிகட்டும் அல்லவா? இங்கேயும் அப்படித்தான். முதலில் படிந்த மெல்லிய கரிப் படலம் அடுத்து வரும் கரியைப் பிடித்துக்கொள்ளும். பி.எஸ். என்பது நம் நாட்டு வாகனப் புகை விதி. பி.எஸ்.4 டீசல் கார் கிலோமீட்டருக்கு 25 மில்லிகிராம் துகள் விடலாம் என்றிருந்த வரம்பு, 2020 ஏப்ரலில் வந்த பி.எஸ்.6-ல் 4.5 ஆகக் குறைந்தது. இந்தக் கட்டி இல்லாமல் அந்த அளவைத் தொடுவது கடினம்.

பிடித்த கரியை அவ்வப்போது எரித்தாக வேண்டும். நெடுஞ்சாலையில் புகை நன்றாகச் சூடேறினால் கரி தானாகக் கொஞ்சம் கொஞ்சமாக எரியும். சூடு போதாதபோது, இன்ஜின் கூடுதலாக டீசல் தெளித்து வடிகட்டியைச் சுமார் 600 டிகிரிக்கு ஏற்றிவிடும். இதைத்தான் ரீஜெனரேஷன் என்கிறார்கள்.

அடுத்து, விளக்கைப் பாருங்கள்

மஞ்சள் விளக்கு மட்டும் நிலையாக எரிந்தால் நீங்களே சரிசெய்யலாம். அது மின்னினாலோ, கூடவே இன்ஜின் விளக்கும் எரிந்து வண்டி இழுவை குறைந்தாலோ, நேராக ஒர்க்‌ஷாப்புக்குப் போய்விடுங்கள்.

எரிக்கும் ஓட்டம்

நான் தடுமாறியது இந்த இடத்தில்தான். விளக்கு வந்ததும் தஞ்சாவூர் வரை ஓட்டினேன். ஐந்து ஆற்றுப் பாலங்கள், இரண்டு பக்கமும் கடைகள், எதிரே பஸ். வேகம் நாற்பதைத் தாண்டவே இல்லை. பழைய பேருந்து நிலையம் பக்கம் நிறுத்தி இறங்கியபோது ரேடியேட்டர் விசிறி சத்தமாக ஓடிக்கொண்டிருந்தது, ஏதோ கருகின வாடையும் வந்தது. அன்றைக்கு எனக்குப் புரியவில்லை, கரி பாதி எரிந்துகொண்டிருக்கும்போதே சாவியைத் திருப்பி அணைத்திருக்கிறேன். இதையே நான்கு முறை செய்திருக்கிறேன்.

சரியான முறை இதுதான். டீசல் கால் டேங்குக்கு மேல் இருக்கட்டும், குறைந்தால் பல கார்களில் எரிப்பே தொடங்காது. இன்ஜின் சூடானதும் நிற்காமல் ஓடக்கூடிய சாலைக்குப் போங்கள். எனக்கு வல்லம் தாண்டி செங்கிப்பட்டி போகும் நான்குவழிச் சாலை. ஒரு கியர் குறைவாக வைத்து, ஆர்.பி.எம். (இன்ஜின் நிமிடத்துக்குச் சுற்றும் எண்ணிக்கை) 2000-க்குக் குறையாமல், 60-70 வேகத்தில் இருபது, இருபத்தைந்து நிமிடம் ஓட்டுங்கள். விளக்கு அணைந்தாலும் உடனே நிறுத்த வேண்டாம், இன்னும் ஐந்து நிமிடம் ஓட்டுங்கள்.

எரிப்பு நடக்கிறதா என்று எப்படித் தெரியும்? நின்றிருக்கும்போது ஆர்.பி.எம். வழக்கத்தைவிடக் கொஞ்சம் ஏறியிருக்கும், மைலேஜ் எண் சட்டென்று இறங்கும். இதைக் கண்டால் வீட்டு வாசலே வந்தாலும் அணைக்காமல் இன்னொரு சுற்று போய்விட்டு வாருங்கள்.

கையில் ஒரு ஓ.பி.டி. ரீடர் இருந்தால் நல்லது, காரில் செருகினால் இன்ஜின் அளவுகளைப் போனில் காட்டும் சிறு கருவி அது. ப்ளூடூத் ரீடராக வாங்குங்கள். வைஃபை ரீடரை இணைத்தால் பல போன்களில் இணையம் போய்விடும், வழி பார்க்க முடியாது. கரி அளவு எல்லாக் காரிலும் தெரியாது. புகை வெப்பநிலை தெரிந்தாலே எனக்குப் போதும்.

ஆயில்

கையேட்டில் சொன்ன குறைந்த சாம்பல் ஆயிலை மட்டும் ஊற்றுங்கள். கரி எரிந்துவிடும், ஆயிலிலிருந்து வரும் சாம்பல் எரியாது, வடிகட்டியிலேயே தங்கிவிடும். எரிப்பு பாதியில் நின்றுகொண்டே இருந்தால் தெளித்த டீசல் ஆயிலில் கலந்து அளவு கூடும். ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கில் மேல்கோட்டைத் தாண்டினால் ஆயிலை மாற்றுங்கள். எனக்கு அரை விரற்கடை தாண்டியிருந்தது, ஆயிலில் டீசல் வாடையும் அடித்தது.

பின்சேர்க்கை 1: "வடிகட்டியைக் கழட்டிப் போட்டா என்னண்ணே?" என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். என்னிடமும் ஒரு மெக்கானிக் இதையே சொன்னார். வேண்டாம் தம்பி. சட்டப்படியும் தவறு. டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-லேயே வகைப்படுத்திவிட்டது. பள்ளி வாசலில் என் மகளின் முகம் வண்டிகளின் புகைக்குழாய் உயரத்துக்குக் கொஞ்சம் மேலேதான் இருக்கிறது. அதை நினைத்தால் எனக்குக் கழற்ற மனம் வராது.

பின்சேர்க்கை 2: தை மாதம் எழுதுகிறேன். சம்பா அறுவடை நடக்கிறது, கிராமச் சாலைகளில் வைக்கோல் பரப்பியிருக்கிறார்கள். எரிக்கும் ஓட்டத்தை அந்தச் சாலைகளில் செய்யாதீர்கள், வைக்கோல் மேல் வண்டியை நிறுத்தவும் கூடாது. அடியில் சுற்றிக்கொண்டால் ஓரமாக நிறுத்தி, இன்ஜினை அணைத்து, நீளக் குச்சியால் இழுத்து எடுங்கள். கையை விடாதீர்கள், குழாய் அப்போதும் கொதித்துக்கொண்டிருக்கும்.