நானுஓயாவிலிருந்து நுவரெலியாவுக்கு: பழைய கோச்சிப் பாதையைக் கண்டுபிடித்து நடப்பது எப்படி?

மலையகத்தில் தண்டவாளத்தின் மேல் நடந்து படம் எடுப்பது பெரிய பழக்கமாகிவிட்டது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கோச்சி ஓடுகிற பாதையில் நடப்பது சட்டப்படி குற்றம். வளைவுகள் நிறைந்த இந்தப் பாதையில் சத்தம் காதில் விழும்போது இன்ஜின் கிட்ட வந்திருக்கும். ஹட்டனுக்கும் கொட்டகலைக்கும் நடுவிலுள்ள சிங்கமலைச் சுரங்கம் மாதிரி இடத்தில் மாட்டிக்கொண்டால் ஓடி வெளியே வர நேரம் இருக்காது.

நடக்க ஆசையா? தண்டவாளமே இல்லாத ரயில் பாதை ஒன்று நம்மிடம் இருக்கிறது. நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக இராகலை வரைக்கும் இரண்டரை அடி அகலத் தண்டவாளத்தில் 1903–04 முதல் ஒரு சின்னக் கோச்சி ஓடியது. கந்தப்பளை ஸ்டேஷன், இன்று நாட்டிலேயே உயரமான பட்டிப்பொலை ஸ்டேஷனைவிட உயரத்தில் இருந்தது. தேயிலை இறக்கப் போட்ட பாதை அது. லொறிகள் வந்தபின் வருமானம் குறைந்து, 1940களில் மூடினார்கள். புதிதாக நடப்பவர்கள் நானுஓயா–நுவரெலியா துண்டோடு தொடங்கலாம். பக்கத்திலேயே ஆறும் வரும்.

1. நாளைத் தேர்ந்தெடுங்கள்

ஜனவரி முதல் மார்ச் வரை நல்லது. மே மாதத்துக்குப் பிறகு தென்மேற்குப் பருவமழை. ஒக்டோபர், நவம்பரில் பின்னேர மழை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் நுவரெலியா மாவட்டத்துக்கு மண்சரிவு எச்சரிக்கை விட்டிருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். பதுளை ரயில் ஓடுகிறதா என்றும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

2. பையில் என்ன?

மழைக்கோட்டு, குடிதண்ணீர், ரொட்டியும் கட்டைச் சம்பலும், பிடிப்புள்ள சப்பாத்து. அட்டை கடிக்காமல் இருக்க, சொக்ஸின் மேல் சவர்க்காரத்தைத் தேய்த்துவிடுங்கள். ஒரு துணியில் கொஞ்சம் உப்பும் முடிந்துகொள்ளுங்கள்.

3. பாதையைக் கண்டுபிடியுங்கள்

இந்த நடையின் ருசியே இதில்தான் இருக்கிறது. பழைய பாதையின் சில துண்டுகள் வீதியாகிவிட்டன, சில தோட்டப் பாதையாகிவிட்டன, சிலவற்றில் வீடுகள் வந்துவிட்டன. பெயர்ப்பலகையை நம்பிப் போக முடியாது. தரையைப் பார்த்துத்தான் படிக்க வேண்டும்.

முதலில் உங்கள் கால் சொல்வதைக் கேளுங்கள். நீராவி இன்ஜினுக்குச் செங்குத்து ஏற்றம் ஆகாது. கொழும்பு–பதுளைப் பெரிய பாதையிலேயே 44 அடிக்கு ஒரு அடிதான் ஏற்றம் என்று கணக்குப் போட்டார்கள். சின்னக் கோச்சி அதைவிடக் கூடுதலாக ஏறும். ஆனாலும் மூச்சு வாங்க வைக்காது. திடீரென்று முழங்கால் வலிக்க ஏறினால் நீங்கள் குறுக்குப் பாதையில் இருக்கிறீர்கள். திரும்பி வாருங்கள்.

பிறகு ஓரங்களைப் பாருங்கள். ஒரு பக்கம் மலையை வெட்டிய சுவர், மறுபக்கம் அந்த மண்ணைக் கொட்டி உயர்த்திய அணை. இரண்டும் சேர்ந்து நீண்ட தூரத்துக்கு வந்தால் பெரும்பாலும் அது கோச்சிப் பாதைதான். வளைவும் ஒரே சீராகத் திரும்பும், முடக்குப் போல மடங்காது. ஓடை குறுக்கிடும் இடத்தில் மானாப்புல்லை விலக்கிப் பாருங்கள். கருங்கல் அடுக்கிய மதகு தெரியலாம். அதன் முன் கொஞ்ச நேரம் நில்லுங்கள். இந்த நாட்டின் மலைப் பாதைகளில் தென்னிந்தியாவிலிருந்து வந்த நம் முன்னோரின் உழைப்பு நிறைய இருக்கிறது. அவர்கள் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை.

புறப்படுமுன் நில அளவைத் திணைக்களத்தின் பழைய ‘ஒரு மைலுக்கு ஒரு அங்குல’ வரைபடம் கிடைத்தால் பாருங்கள். போனில் செய்மதிப் படத்தைப் பெரிதாக்கி, மலையைச் சுற்றிச் செல்லும் கோட்டைத் தேடினாலும் உதவும்.

4. கேட்டுவிட்டு நடங்கள்

பாதை தோட்டக் காணிக்குள்ளும் லயத்து வாசலிலும் போகும். “அக்கா, பழைய கோச்சி ரோட்டு இந்தப் பக்கமாங்க போகுது?” என்று கேட்டால் போதும், வயதானவர்களைக் கூப்பிட்டு விசாரித்துச் சொல்வார்கள். கொழுந்து பறிப்பவர்களைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். அவர்கள் வேலையில் இருக்கிறார்கள். வேலி போட்டிருந்தால் உள்ளே போகாமல் பெரிய வீதிக்கு இறங்கி, பிளக்பூல் சந்திப் பக்கம் மறுபடி தேடுங்கள். அந்தச் சின்னக் கோச்சிக்கு பிளக்பூலிலும் ஒரு ஸ்டேஷன் இருந்தது.

5. ஆற்றை வழிகாட்டியாக வையுங்கள்

நானு ஓயா என்ற ஆறு நுவரெலியாவின் கிரகரி வாவியிலிருந்து இறங்கி, கொத்மலை ஓயாவோடு சேர்ந்து மகாவலிக்குப் போகிறது. நீங்கள் மேலே ஏற, அது எதிரே வரும். பாதை தவறினால் ஆறு எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள், திசை பிடிபடும். தண்ணீரைக் குடிக்க வேண்டாம். மேலே நகரமும் மரக்கறித் தோட்டங்களும் இருக்கின்றன. நிறம் திடீரென்று செம்மண்ணாக மாறினால் மேலே மழை பிடித்துவிட்டது. கரையை விட்டு விலகுங்கள்.

ஏற்றம் 250 மீற்றருக்குக் கொஞ்சம் மேல்தான், ஆனால் தேடித்தேடி நடப்பதால் அரை நாள் ஒதுக்குங்கள். நுவரெலியாவிலிருந்து இறங்கி வருவது சுலபம் என்றாலும் நான் ஏறிப் போகத்தான் சொல்வேன். சரிவைக் கால் உணர்வது ஏறும்போதுதான். திரும்ப நுவரெலியாவில் நானுஓயா பஸ் பிடிக்கலாம். இது பழகிவிட்டால் அடுத்த முறை கந்தப்பளைப் பக்கம் தேடுங்கள்.