சாய்ந்த மரத்தில் பழைய காற்றைத் தேடுவோர் செய்யும் தவறுகள்

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது. அறுத்துப் போட்ட அடிமரத்தைப் பார்க்கும் அறிவியல் மாணவருக்கு, அதன் வளையங்களில் கார்பன்-14ஐ (மெல்லச் சிதையும் கதிரியக்கக் கார்பன்) அளந்து பழைய காற்றை அறியலாமே என்று தோன்றுவது இயல்பு; ஒவ்வொரு வளையமும் அது வளர்ந்த ஆண்டின் காற்றிலிருந்த கார்பனால் ஆனது. நல்ல ஆசைதான். ஆனால் கைக்குக் கிடைத்த துண்டையெல்லாம் ஆய்வகத்துக்கு எடுத்துச் செல்லக் கூடாது.

சாலையோர வேம்பும் தூங்குமூஞ்சியும் ஆண்டுக்கொரு வளையத்தைத் தெளிவாகப் போடும் என்று நம்ப முடியாது. தேக்கு அவற்றைவிட நம்பகமானது. ஆனால் தேக்கும்கூடக் கோடை மழையில் துளிர்த்து, இடையில் வறண்டு, ஐப்பசி மழையில் மீண்டும் வளர்ந்தால், ஒரே ஆண்டில் இரண்டு கோடுகள் விழலாம். அந்தப் போலி வளையத்தையும் ஓர் ஆண்டாக எண்ணினால், அதற்கு முந்தைய ஆண்டுகள் எல்லாம் இடம் மாறிவிடும்.

இதைச் சரிபார்க்கக் கார்பன்-14ஏ உதவுகிறது. அணுகுண்டுச் சோதனைகளால் வட அரைக்கோளக் காற்றில் அதன் அளவு 1960களின் நடுப்பகுதியில் ஏறக்குறைய இரட்டிப்பானது; பிறகு படிப்படியாக இறங்கியது. அந்த உச்சம் நீங்கள் எண்ணிய ஆண்டில் விழவில்லை என்றால், எண்ணிக்கையைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். ஒரே ஒரு வளையத்தை அளந்து முடிவு சொல்லாதீர்கள். ஒரே அளவு ஏறும்போதும் வரும், இறங்கும்போதும் வரும்.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது இடத் தேர்வில் நேரும் தவறு. பெட்ரோலும் டீசலும் கோடிக்கணக்கான ஆண்டுகள் பழைய கார்பன். கார்பன்-14இன் அரை ஆயுள், அதாவது அது பாதியாகக் குறைய ஆகும் காலம், சுமார் 5,730 ஆண்டுகளே என்பதால், அவற்றில் அது மிச்சமில்லை. அந்தப் புகையிலிருந்து வரும் கார்பன் டை ஆக்சைடை இலைகள் உறிஞ்சும்போது வளையத்தின் கார்பன்-14 அளவு தாழ்கிறது. அண்ணா சாலை மரம் அண்ணா சாலையின் காற்றைத்தான் காட்டும். நகரப் புகையை அளக்க அது அருமையான சான்று. ஆனால் புகை எட்டாத காட்டுத் தேக்கின் அதே ஆண்டு வளையம் ஒப்பீட்டுக்கு வேண்டும்.

மரத்தூளை அப்படியே அளப்பதும் தவறு. பிசின் போன்றவை வளையம் விட்டு வளையம் நகரும். செல்லுலோஸை மட்டும் பிரித்தெடுங்கள். கார்பன்-14 அணுக்களை நேரடியாக எண்ணும் முடுக்கி நிறைமாலைமானி (AMS) முறைக்கு ஒரு மில்லிகிராம் அளவு கார்பனே போதும். அதனாலேயே சிறு பசைத் துளிகூட முடிவைக் கெடுக்கும். உடைந்த துண்டை ஒட்டவே ஒட்டாதீர்கள்.

மரப்பட்டையை உரிக்காமல், வெட்டிய அல்லது சாய்ந்த நாளைத் துண்டின் மீதே பென்சிலால் எழுதுங்கள். பட்டை போய்விட்டால் வெளிப்புற வளையங்கள் எத்தனை உதிர்ந்தன என்று தெரியாது; எண்ணத் தொடங்கவே இடமிருக்காது.