சில்லுச் சோதனை வேலைக்கு வருவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிங்கப்பூரில் மின்னணுச் சோதனைப் பணிக்கு வரும் இளையர்களை நேர்முகத்தில் சந்திப்பதும், சேர்ந்த பிறகு அவர்களுக்குத் தொழில் பழக்குவதும் என் வேலையின் ஒரு பகுதி. பலதுறைத் தொழிற்கல்லூரியில் பட்டயம் முடித்தவர்கள், தொழில்நுட்பக் கல்விக் கழகத்தில் பயின்றவர்கள், கோயம்புத்தூரிலும் திருச்சியிலும் பொறியியல் படித்துவிட்டு விமானம் ஏறியவர்கள் எனப் பல வழிகளில் வந்தாலும், சறுக்கும் இடங்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. என் தலைமுறையினர் சறுக்கியதும் அங்கேதான். நேர்முகத்துக்குத் தாமதமாக வராதீர்கள், சுயவிவரத்தில் எழுத்துப்பிழை விடாதீர்கள் என்பவற்றை எவரும் சொல்வார்கள். தவறு என்றே தெரியாமல் ஆண்டுக்கணக்கில் பின்னால் இழுக்கும் தவறுகளைப் பற்றி மட்டும் இங்கே எழுதுகிறேன்.

எல்லாச் சோதனையும் ஒன்றென்று எண்ணி விண்ணப்பிப்பது

1968ல் நேஷனல் செமிகண்டக்டர் இங்கே ஆலை தொடங்கிய காலம் முதலே சில்லுகளைப் பொதிவதும் சோதிப்பதும் இந்தத் தீவின் தொழிலாக இருந்து வருகின்றன. இத்தனை ஆண்டுகளில் அந்தத் தொழில் பல கிளைகளாகப் பிரிந்துவிட்டது, ஆனால் விளம்பரங்களில் எல்லாவற்றுக்கும் "டெஸ்ட் இன்ஜினியர்" என்ற ஒரே பெயர்தான். சில்லுகளாக வெட்டப்படுவதற்கு முந்தைய சிலிக்கன் வட்டான வேஃபரின் மீது நுண்ணிய ஊசிகளை இறக்கி அளப்பவரும், பொதிந்த சில்லுகளை, அவற்றை எடுத்து வைக்கும் இயந்திரமான ஹேண்ட்லரில் ஓட்டி இறுதிச் சோதனை நடத்துபவரும், உறுப்புகள் பற்றவைக்கப்பட்ட பலகையை இன்-சர்க்கியூட் முறையில் சோதிப்பவரும், 125 பாகை செல்சியஸ் வெப்பத்தில் சில்லுகளை ஓடவிட்டு ஆயுளை மதிப்பிடுபவரும், அளவுக் கருவிகளுக்குத் தரச்சான்று வழங்கும் கூடத்தில் பணியாற்றுபவரும் செய்யும் வேலைகள் வெவ்வேறு, அவை கொண்டுபோய்ச் சேர்க்கும் இடங்களும் வெவ்வேறு.

இவற்றைவிட முக்கியமான பிரிவு ஒன்று உண்டு. சில்லு சந்தைக்கு வருமுன் அதற்கான சோதனை நிரலை எழுதுவது ஒரு வேலை. எழுதப்பட்ட நிரல் ஆலையில் இரவும் பகலும் தடையின்றி ஓடும்படி பார்த்துக்கொள்வது இன்னொரு வேலை. இரண்டுமே மதிப்புள்ளவை என்றாலும், முதலாவதை எதிர்பார்த்து இரண்டாவதில் சேர்ந்தவர்கள் ஓராண்டுக்குள் மனம் சலித்துப்போவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். நேர்முகத்தின் முடிவில் உங்களுக்குக் கேள்வி கேட்க வாய்ப்புத் தருவார்கள். அப்போது, "இந்தக் குழுவில் சோதனை நிரலை எழுதுவது யார், திருத்தும் உரிமை யாருக்கு?" என்று கேளுங்கள். வேலை எத்தகையது என்பதை விளம்பரத்தின் அரைப் பக்கத்தைவிட அந்தப் பதில் தெளிவாகக் காட்டும்.

இயந்திரத்தின் பெயரைத் தகுதியாக எழுதுவது

அட்வான்டெஸ்ட் 93000, டெரடைன் அல்ட்ராஃபிளெக்ஸ் என்று சுயவிவரத்தின் முதல் வரியிலேயே பட்டியல் தொடங்கிவிடும். அந்த இயந்திரங்கள் தெரிந்திருப்பது நல்லதுதான், ஆனால் அவற்றின் திரையில் எந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்பதை எவரும் சில வாரங்களில் கற்றுக்கொள்ளலாம். நேர்முகத்தில் நான் முதலில் கேட்பது மிக எளிய சோதனையைப் பற்றி.

எந்தச் சில்லுக்கும் முதலில் நடப்பது தொடர்ச்சிச் சோதனை. சில்லுக்கு மின்சாரம் கொடுக்காமல், ஒரு காலிலிருந்து, அதாவது வெளி இணைப்பு முனையிலிருந்து, 100 மைக்ரோஆம்பியர் மின்னோட்டத்தை வெளியே இழுத்து, அந்தக் காலின் மின்னழுத்தத்தை அளக்கிறோம். அங்கே ஏறத்தாழ மைனஸ் 0.6 அல்லது 0.7 வோல்ட் வருவது ஏன்? சுழியத்துக்கு அருகில் வந்தால் என்ன பொருள்? மின்னழுத்தம் மிஞ்சாமலிருக்க நாம் வைத்த கிளாம்ப் எல்லையில் போய் நின்றால் என்ன பொருள்? காலுக்கும் தரைக்கும் இடையே உள்ள பாதுகாப்பு டையோடு கடத்துவதால்தான் முதல் மதிப்பு வருகிறது என்றும், சுழியம் என்றால் குறுக்கிணைப்பு, எல்லையில் நின்றால் தொடர்பே இல்லை என்றும் சொல்லத் தெரிந்த பட்டயதாரியை, ஐந்து இயந்திரங்களின் பெயரை எழுதிவிட்டு இந்தக் கேள்விக்கு விழிக்கும் பட்டதாரிக்கு முன்பாகவே நான் தேர்ந்தெடுப்பேன்.

சோதனையில் விழுந்த சில்லைத் தேற வைப்பது

இந்தத் தவறைக் காணும்போது இன்றும் எனக்கு எரிச்சல் வருகிறது, ஆகவே இதைச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

ஒரு லாட், அதாவது ஒரு தொகுதிச் சில்லுகள், ஓடிக்கொண்டிருக்கும்போது நூற்றுக்கு எத்தனை தேறின என்ற கணக்கான யீல்டு திடீரெனச் சரிகிறது. ஷிஃப்ட் முடிய இன்னும் சிறிது நேரமே இருக்கிறது, மேற்பார்வையாளர் ஏன் என்று கேட்கிறார், லாரி காத்திருக்கிறது. புதியவர் உடனே எடுக்கும் ஆயுதம் ரீடெஸ்ட். விழுந்த சில்லுகளை மறுபடி ஓட்டுகிறார், சில தேறுகின்றன, மீந்தவற்றை மறுபடியும் ஓட்டுகிறார். தொடர்பு சரியாக அமையாமல் நல்ல சில்லு விழுவது உண்டு, எனவே விதிமுறைப்படி ஒருமுறை மறுசோதனை செய்வது குற்றமல்ல. தேறும்வரை ஓட்டுவதே குற்றம். எல்லைக்குச் சற்று வெளியே இருக்கும் ஒரு பழுதான சில்லு, அளவீட்டின் இரைச்சல் காரணமாக ஒவ்வொரு தடவையும் 20 விழுக்காட்டு வாய்ப்பில் தேறிவிடும் என்று வைத்துக்கொள்வோம். மூன்று முறை ஓட்டினால் அது எப்படியாவது தேறிவிடும் வாய்ப்பு ஏறத்தாழ 49 விழுக்காடு. அதாவது, பழுதானவற்றில் பாதியை நாமே நல்லவை என்று முத்திரையிட்டு அனுப்புகிறோம்.

இதைவிடக் கொடியது ஆஃப்செட், அதாவது அளவீட்டோடு ஒரு நிலையான எண்ணைக் கூட்டிக் காட்டுவது. நான் முன்பு பணியாற்றிய ஓர் ஆலையில் நடந்ததைச் சொல்கிறேன். 3.3 வோல்ட் வெளியீடு தரும் ரெகுலேட்டர் சில்லு, அனுமதிக்கப்பட்ட விலகல் இரு பக்கமும் 1 விழுக்காடு. ஆக, 3.267 முதல் 3.333 வோல்ட் வரை இருந்தால் தேர்ச்சி. ஒரே நேரத்தில் நான்கு சில்லுகள் நான்கு சைட்டுகளில், அதாவது சோதனை இடங்களில், சோதிக்கப்பட்டன, ஒவ்வொன்றும் 100 மில்லியாம்பியர் சுமையுடன் அளக்கப்பட்டது. ஒரு நாள் மூன்றாம் சைட்டின் யீல்டு மட்டும் இறங்கத் தொடங்கியது. பணியில் இருந்த இளையர் தம் மூத்தவரிடம், "அண்ணே, மூணாவது சைட் மட்டும் இருபது மில்லிவோல்ட் குறைச்சலாக் காட்டுது, டெஸ்டர்லதான் ஏதோ பிசகு, ஆஃப்செட் போட்டுடலாமா?" என்று கேட்டார். மூத்தவரும் சரி என்றார். நிரலில் அந்தச் சைட்டின் அளவீட்டோடு 20 மில்லிவோல்ட்டைக் கூட்டினார்கள், யீல்டு ஏறியது, அனைவரும் வீடு போய்ச் சேர்ந்தார்கள்.

உண்மையில் நடந்திருந்தது வேறு. சில்லுகளின் கால்களில் பூசப்பட்டிருந்த வெள்ளீயம், சில்லு அமரும் சாக்கெட்டின் ஊசி முனைகளில் படிந்து ஆக்சைடாகி, தொடர்புத் தடை 0.2 ஓம் கூடியிருந்தது. 100 மில்லியாம்பியர் அதன் வழியே பாயும்போது 20 மில்லிவோல்ட் அங்கேயே இழக்கப்படுகிறது. மின்னோட்டம் செல்லும் கம்பியும் மின்னழுத்தத்தை அளக்கும் கம்பியும் சாக்கெட்டுக்கு முன்பே இணைந்துவிட்ட சோதனைப் பலகை அது, ஆதலால் அந்த இழப்பும் சில்லின் கணக்கில் எழுதப்பட்டது. பின்னர் வழக்கமான பராமரிப்பின்போது ஊசிகள் மாற்றப்பட்டன, தடை மறைந்தது. நிரலில் இருந்த 20 மில்லிவோல்ட் மட்டும் அப்படியே இருந்தது. அன்று முதல் உண்மையில் 3.250 வோல்ட் தரும் பழுதான சில்லு, மூன்றாம் சைட்டில் 3.270 என்று காட்டித் தேறியது. 3.300 தரும் நல்ல சில்லு 3.320 காட்டி அதுவும் தேறியதால் யீல்டு வரைபடத்தில் எந்தச் சரிவும் தெரியவில்லை. காய்ச்சல்மானியைக் குளிர்ந்த நீரில் தோய்த்தெடுத்துவிட்டுப் பிள்ளைக்கு உடம்பு சரியாகிவிட்டது என்று சொல்வதற்கும் இதற்கும் வேறுபாடில்லை.

வாடிக்கையாளர் திருப்பி அனுப்பிய சில்லுகள் மேசைக்கு வந்த பிறகுதான் இது வெளியே தெரிந்தது. கையிருப்பு முழுவதும் நிறுத்திவைக்கப்பட்டது, அனுப்பியவற்றின் கணக்கை லாட் வாரியாகத் தோண்டினோம், பல வாரங்கள் அந்தத் தயாரிப்பின் ஏற்றுமதி நின்றது. அரை மணி நேர வேலையைத் தவிர்த்ததன் விலை இது.

அந்த அரை மணி நேர வேலை என்ன என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். முதலில், விழுந்த சில்லுகளின் அளவீட்டுப் பதிவான டேட்டாலாகைத் திறந்து, மதிப்புகள் சிதறியிருக்கின்றனவா அல்லது ஒரே அளவு நகர்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். ஒரே அளவு நகர்ந்திருந்தால் பழுது சில்லில் இருப்பது அரிது. அடுத்து, மதிப்பு உறுதியாகத் தெரிந்த கோல்டன் யூனிட் ஒன்றை நான்கு சைட்டுகளிலும் வைத்து அளந்து பாருங்கள். பிறகு மூன்றாம் சைட்டின் சாக்கெட்டையும் முதல் சைட்டின் சாக்கெட்டையும் இடம் மாற்றுங்கள். பிழை சாக்கெட்டோடு சேர்ந்து நகர்ந்தால் குற்றவாளி சாக்கெட், அதே சைட்டில் தங்கிவிட்டால் பலகை அல்லது டெஸ்டர். இறுதியாக, ஊசி முனைகளை நுண்ணோக்கியில் பாருங்கள். இதே அனுபவத்தை வைத்து, அடுத்த பலகையில் காலுக்கு இரண்டு ஊசிகள் தொடும் கெல்வின் இணைப்பு வேண்டும் என்று எழுதிக் கேளுங்கள். ஆஃப்செட் தவிர்க்கவே முடியாத இடங்களும் உண்டு. அங்கே யார் போட்டார், ஏன் போட்டார், எந்தத் தேதியில் மறுபரிசீலனை என்ற மூன்றும் நிரலிலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும்.

இதை வேலை தேடுவோருக்கான கட்டுரையில் இவ்வளவு நீட்டி எழுதக் காரணம் இருக்கிறது. என் மேசைக்கு வரும் சுயவிவரங்களில் மிகுதியாகக் காணப்படும் வரி, "யீல்டை இத்தனை விழுக்காடு உயர்த்தினேன்" என்பதே. எப்படி உயர்த்தினீர்கள் என்று கேட்டால், பலருக்கும் ரீடெஸ்ட்டையும் ஆஃப்செட்டையும் தாண்டிச் சொல்ல எதுவும் இருப்பதில்லை. விழுந்த சில்லு ஒவ்வொன்றும் உங்களுக்கு ஒரு பாடத்தைக் கொண்டுவருகிறது, அதைப் படிக்காமல் தேற வைத்து அனுப்பினால் ஐந்து ஆண்டு அனுபவத்துக்குப் பிறகும் முதல் ஆண்டின் அறிவே கையில் இருக்கும். சம்பளம் உயரும் இடத்தில் கேட்கப்படுவது அந்த அறிவுதான்.

உடலின் நிலைமின்னைத் தரைக்குக் கடத்தும் ரிஸ்ட் ஸ்ட்ராப்பைத் தற்காலிகமாகக் கழற்றுவது

ஒருபோதும் கூடாது.

நிரல் எழுதுவது பொறியாளர் வேலை என்று ஒதுங்குவது

தொழில்நுட்பராகச் சேர்ந்து பொறியாளராக உயர்ந்தவர்களை எண்ணிப் பார்க்கிறேன். அவர்கள் அனைவருமே, எவரும் சொல்லாமலேயே டேட்டாலாக் கோப்புகளைப் பைத்தானில் பிரித்துப் படிக்கத் தொடங்கியவர்கள். எஸ்டிடிஎஃப் என்னும் கோப்பு வடிவம் இத்துறையில் எங்கும் புழங்குகிறது, அதைப் படிக்கத் தெரிந்தால் நீங்கள் எந்த ஆலைக்குப் போனாலும் முதல் மாதத்திலேயே பயன்படுவீர்கள். பயிற்சிக்காக அரசு தரும் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் தொகை கையில் இருக்கும் சிங்கப்பூரர்கள் அதைப் புள்ளியியலுக்கும் நிரலாக்கத்துக்கும் செலவிடுங்கள். சான்றிதழ் மட்டும் தரும் இரண்டு நாள் வகுப்புகளை நான் பெரிதாக மதிப்பதில்லை. 12 மணி நேர ஷிஃப்ட்டில் நின்றுவிட்டு வந்து படிப்பது கடினம் என்பதை அறிவேன். ஆயினும் ஓய்வு நாள்களில் ஒரு காலைப் பொழுதையேனும் இதற்கு ஒதுக்குங்கள்.

முகவரிடம் கேட்காமல் பணம் கொடுப்பது

தமிழ்நாட்டிலிருந்து வருபவர்களுக்காக இது. சிங்கப்பூரில் உரிமம் பெற்ற முகவர், ஒப்பந்தத்தின் ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல் உங்களிடம் வாங்கக் கூடாது, எத்தனை ஆண்டு ஒப்பந்தமானாலும் இரண்டு மாதச் சம்பளமே உச்சவரம்பு. வேலை தருவதற்காக முதலாளி உங்களிடம் பணம் வாங்குவது சட்டப்படி குற்றம். முகவருக்கு உரிமம் இருக்கிறதா என்பதை மனிதவள அமைச்சின் இணையத்தளத்தில் நீங்களே சரிபார்க்கலாம். வேலை அனுமதிக்கான கொள்கையளவிலான ஒப்புதல் கடிதம் வந்ததும் அதில் எழுதியிருக்கும் சம்பளத்தை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைக்காதீர்கள், வேலையின் பெயரையும் பாருங்கள். சோதனைப் பொறியாளர் என்று பேசிவிட்டு வேறு பணி எழுதப்பட்டிருந்தால் ஊரிலிருந்து புறப்படுவதற்கு முன்பே கேளுங்கள்.

பழைய ஆலையின் கோப்புகளை நேர்முகத்துக்குக் கொண்டுவருவது

தம் திறமையைக் காட்ட வேண்டும் என்ற ஆர்வத்தில், முந்தைய நிறுவனத்தின் சோதனை நிரலையோ டேட்டாலாகையோ மடிக்கணினியில் திறந்து காட்டுபவர்கள் உண்டு. நல்ல நோக்கத்தோடுதான் செய்கிறார்கள், ஆனால் அந்தக் கணமே நேர்முகம் முடிந்துவிடுகிறது, ஏனெனில் நாளை எங்கள் கோப்புகளும் இதேபோல் இன்னொரு மேசையில் திறக்கப்படும் என்பது எதிரில் இருப்பவருக்குப் புரிந்துவிடும். அதற்கு மாறாக, நீங்கள் ஆராய்ந்த ஒரே ஒரு பழுதைப் பற்றி ஒரு பக்கம் எழுதி, நன்றாகச் சொல்லிப் பழகிக்கொள்ளுங்கள். தயாரிப்பின் பெயர் வேண்டாம், வாடிக்கையாளரின் பெயர் வேண்டாம், உண்மையான எல்லை மதிப்புகளும் வேண்டாம். எந்தச் சோதனையில் விழுந்தது, முதலில் எதைச் சந்தேகித்தீர்கள், அதை எந்த அளவீட்டால் விலக்கினீர்கள், இறுதியில் காரணம் எது, அது மீண்டும் வராமலிருக்க எதை மாற்றினீர்கள் என்ற ஐந்தும் இருந்தால் போதும். வெள்ளைப் பலகை அருகில் இருந்தால் அனுமதி கேட்டு எழுந்து சுற்றை வரைந்து காட்டுங்கள்.