ரோங்கோரோங்கோ படங்களைக் கையாளும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஈஸ்டர் தீவின் ரோங்கோரோங்கோ என்ற எழுத்து செதுக்கிய மரப்பலகைகளில் எஞ்சியவை இரண்டு டஜன் சொச்சம். அவையும் ரோம், சாந்தியாகோ, செயின்ட் பீட்டர்ஸ்பர்க், வாஷிங்டன் என்று சிதறிக் கிடக்கின்றன. கெய்ட்டி என்ற பலகை 1914இல் பெல்ஜியத்தின் லூவேன் நகரம் எரிந்தபோது அழிந்துபோனது. பெரும்பாலோருக்குப் பழைய புகைப்படங்களே கதி. மங்கல், நிழல் போன்ற குறைகள் கண்ணுக்கே தெரியும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

சுழற்றாமல் கவிழ்ப்பது

இந்த எழுத்து கீழ் இடது மூலையில் தொடங்கி வலப்பக்கம் போகும். வரி முடிந்ததும் பலகையையே 180 பாகை சுற்றிப் பிடித்து அடுத்த வரியைப் படிக்க வேண்டும். அதனால் படத்தில் ஒன்றுவிட்டு ஒரு வரி தலைகீழாக நிற்கும். புதியவர்கள் அந்த வரியை வெட்டி, மேல்கீழாக ‘ஃபிளிப்’ கொடுக்கிறார்கள். பறவைக்குத் தலை மேலே வந்துவிடுகிறது, சரியாகத்தான் தெரிகிறது. ஆனால் அது கண்ணாடி பிம்பம்! வலம் பார்த்த பறவை இடம் பார்க்கும், குறிகளின் வரிசையும் வலமிருந்து இடமாகிவிடும். கொடுக்க வேண்டியது 180 பாகை ‘ரொட்டேட்’.

ஒரு மாணவர் இடம் பார்க்கும் பறவையும் வலம் பார்க்கும் பறவையும் வெவ்வேறு குறிகள் என்று நீண்ட பட்டியலோடு வந்தார். எது எத்தனை முறை வருகிறது என்றுகூட எண்ணியிருந்தார். இடம் பார்த்தவை பெரும்பாலும் அவர் கவிழ்த்த வரிகளில்தான் இருந்தன. மாதக்கணக்கான உழைப்பு வீண். சோதிக்க வழி இருந்தும் செய்வதில்லையே என்பதுதான் என் ஆத்திரம். பெரிய சாந்தியாகோ பலகையிலும் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் இரு பலகைகளிலும் ஏறத்தாழ ஒரே வாசகம். வரிகள் மட்டும் வேறு வேறு இடத்தில் முறிகின்றன. திருப்பிய வரியை மற்ற இரண்டோடு வைத்துப் பார்த்தால் பிழை உடனே அகப்படும்.

திருப்பாமலே விடுவதும் ஆபத்து. மாமாரி பலகையின் சந்திர நாட்காட்டியில் வளர்பிறைக்கு மீனின் தலை மேலே, தேய்பிறைக்குக் கீழே. அங்கே தலைகீழாக இருப்பதற்கே பொருள் உண்டு; வரியைத் திருப்பாவிட்டால் அது மாறிவிடும்.

கோட்டுருவத்தை மட்டும் நம்புவது

ஜெர்மானிய ஆய்வாளர் பார்த்தெல் 1958இல் வெளியிட்ட கோட்டுருவங்கள் (பலகைக் குறிகளைக் கோடுகளாக வரைந்த படங்கள்) அரிய உழைப்பு. இருந்தாலும் படத்தோடு ஒப்பிடாமல் எடுத்தாளாதீர்கள்.

சரளமான வாசிப்பை ஆதாரமாக்குவது

1886இல் தீவுக்கு வந்த அமெரிக்கக் கடற்படை அதிகாரி தாம்சன் பலகைப் படங்களைக் காட்டியபோது ‘ஊரே வாஎ இகோ’ என்ற பெயருடைய தீவு முதியவர் தடையின்றி ஓதினார். நடுவில் வேறு படத்தை வைத்தார்கள். அதே கதை தொடர்ந்தது.

சிந்து முத்திரைகளோடு ஜோடி சேர்ப்பது

வேண்டாம். இடையில் மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேல்.

மரத்தின் வயதை எழுத்தின் வயதாக்குவது

பழைய மரத்திலும் பின்னாளில் செதுக்கலாம்.