கூரையிலும் சோலார் பேனலுக்கு அடியிலும் பறவைகள் கூடு கட்டாமல் தடுப்பது எப்படி?

வலை வாங்கக் கிளம்பும் முன் இரண்டு நாள் சும்மா உட்கார்ந்து கவனியுங்கள். காலையில் அரை மணி, சாயங்காலம் அரை மணி போதும். புறா ஒவ்வொரு குச்சியாகத்தான் அலகில் கவ்விக்கொண்டு வரும்; பெரும்பாலும் ஒரே வழியில்தான் உள்ளே நுழையும். அந்த வழி தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. தரையில் ஒரே இடத்தில் எச்சம் விழுந்து கிடந்தால், அதற்கு நேர் மேலே நிமிர்ந்து பாருங்கள்.

அடுத்து, உள்ளே முட்டையோ குஞ்சோ இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். தலை நுழையாத இடுக்கு என்றால் போனில் வீடியோவை ஓடவிட்டு உள்ளே நீட்டலாம். முட்டையோ குஞ்சோ இருந்தால் வேலையை அங்கேயே நிறுத்திவிடுங்கள். தாய்ப்பறவை இரை தேடப் போன நேரத்தில் வழியை அடைத்தால் குஞ்சுகள் உள்ளேயே பட்டினியில் செத்துப்போகும். முட்டை உள்ள கூட்டைக் கலைப்பது பல நாடுகளில் குற்றமும்கூட. புறா வழக்கமாக இரண்டு முட்டையிட்டு 18 நாள் போல அடைகாக்கும். குஞ்சு பறக்க இன்னும் நான்கைந்து வாரம். சிட்டுக்குருவி என்றால் எல்லாம் ஒரு மாதத்துக்குள் முடிந்துவிடும். தயவுசெய்து காத்திருங்கள். ஆனால் குஞ்சுகள் பறந்ததும் தாமதிக்காமல் வேலையைத் தொடங்குங்கள்; புறா அடுத்த முட்டைக்கு அதிக நாள் எடுத்துக்கொள்ளாது. வெறும் குச்சிகள் மட்டும் கிடந்தால் அன்றே எடுத்துவிடலாம்.

சரி, இப்போது சுத்தம். காய்ந்த எச்சத்தைத் துடைப்பத்தால் பெருக்கவே கூடாது. அதில் வளரும் பூஞ்சை தூசியோடு நுரையீரலுக்குள் போய் நோய் தரும். என்95 மாஸ்க்கும் கையுறையும் போட்டு, தண்ணீர் தெளித்து நன்றாக ஊறவிட்டு, ஈரமாகவே சுரண்டி எடுத்துப் பையில் கட்டுங்கள். ஏசி யூனிட் பக்கத்தில் வேலை என்றால் முதலில் மின்சாரத்தை நிறுத்துங்கள். சோலார் பேனல் வெயில் இருக்கும்வரை மின்சாரம் தந்துகொண்டேதான் இருக்கும். அதன் ஒயர்களைத் தொடாதீர்கள்.

இனி அடைப்பு. வலையின் கண் அளவு புறாவுக்கு 50 மி.மீ., மைனா அளவுப் பறவைக்கு 28 மி.மீ., சிட்டுக்குருவிக்கு 19 மி.மீ. எது வருகிறது என்று தெரியாவிட்டால் 19 வாங்குங்கள், எல்லாவற்றுக்கும் அதுவே போதும்.

சோலார் பேனலுக்குத் துருப்பிடிக்காத கம்பி வலைதான் சரி. வலையின் அடி ஓரத்தை வெளிப்பக்கமாக மடித்து, கூரையில் படிந்து உட்காரும்படி வையுங்கள். மேல் ஓரத்தைப் பேனல் சட்டத்தின் துருத்திய விளிம்பில் கிளிப் போட்டு மாட்டுங்கள். சட்டத்தில் துளை போடாதீர்கள், வாரண்டி போய்விடலாம். வலை பேனலின் மேல்மட்டத்தைத் தாண்டினால் நிழல் விழுந்து மின்சாரம் குறையும். மூலைகளில் இரண்டு துண்டுகளும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி இருக்கட்டும். விரல் அகல இடைவெளி இருந்தாலும் பறவை அதைத் தள்ளிப் பார்க்கும்.

ஏசி யூனிட்டைச் சுற்றிக் கட்டும் வலை காற்றைத் தடுக்கக் கூடாது, தகடுகளை ஒட்டாமல் கொஞ்சம் தள்ளியே இருக்கட்டும். குழாய் போகும் சுவர் ஓட்டையில் வெறும் நுரை அடைத்தால் கொத்திப் பிய்த்துவிடும். உள்ளே கம்பி வலையைச் சுருட்டி வைத்து மேலே சிமெண்ட் பூசுங்கள். கேஸ் கீசரின் புகைக்குழாயை மட்டும் நீங்களாக மூடாதீர்கள். அடைபட்டால் கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் திரும்பி உயிரையே எடுக்கும். அதற்கான மூடியை மெக்கானிக் போடட்டும்.

பிளாஸ்டிக் ஆந்தை, மினுமினுக்கும் ரிப்பன் எல்லாம் சில நாளில் பறவைக்குப் பழகிவிடும், பணம் வீண். பசை வேண்டவே வேண்டாம். இறகில் ஒட்டிக்கொண்டால் பறவை துடித்துச் சாகும்.

அப்புறம், ஏணியைப் பிடிக்க ஒருவர் இல்லாமல் மேலே ஏறாதீர்கள். சரிவான கூரை என்றால் பழகிய ஆளை வைத்துச் செய்யுங்கள்.

அடைத்த அன்று சாயங்காலமும் மறுநாள் காலையும் பக்கத்தில் நின்று காது கொடுத்துக் கேளுங்கள். உள்ளே படபடப்போ கீச்சொலியோ கேட்டால் உடனே ஒரு பக்கத்தைத் திறந்து அதை வெளியே விடுங்கள்.