பென்டிரைவில் ஆர்குளோன்: சிதறிய கிளவுட் கணக்குகளை ஒரே இடத்திலிருந்து கையாள

கூகுள் டிரைவில் 15 ஜிபி, ஒன்டிரைவில் 5, டிராப்பாக்ஸில் 2 என்று இலவச இடம் சிதறிக் கிடக்கிறவர்களுக்கு ஆர்குளோன் (rclone) நல்ல துணை. கிளவுட் சேவைகளுக்கு இடையே கோப்புகளை நகலெடுக்க, கட்டளைகளைத் தட்டச்சு செய்து இயக்கும் நிரல் இது. ஒரே ஒரு இஎக்ஸ்இ கோப்பு. நிறுவ வேண்டாம், அட்மின் அனுமதியும் வேண்டாம்.

அந்தக் கோப்பைப் பென்டிரைவில் போட்டு, பக்கத்திலேயே ஆர்குளோன்.கான்ஃப் (rclone.conf) என்ற வெற்றுக் கோப்பை உருவாக்குங்கள். அது இருந்தால்தான் அமைப்புகள் பென்டிரைவிலேயே தங்கும். நோட்பேடில் சேமிக்கும்போது ‘ஆல் ஃபைல்ஸ்’ தேர்ந்தெடுக்காவிட்டால் பெயரின் வாலில் டிஎக்ஸ்டி ஒட்டிக்கொள்ளும். விண்டோஸ் அதை மறைத்தும் வைத்திருக்கும். விளைவு, உங்கள் கணக்குகளின் டோக்கன்கள் (கடவுச்சொல் கேட்காமலே கணக்கைத் திறக்கும் சாவிகள்) அந்தக் கணினியின் ஆப்டேட்டா ஃபோல்டரில் போய் உட்காரும். நெட் சென்டர் கணினியில் இது பெரிய ஆபத்து. எனவே ‘ஆர்குளோன் கான்ஃபிக் ஃபைல்’ (rclone config file) கட்டளை பென்டிரைவின் பாதையைக் காட்டுகிறதா என்று பார்த்த பிறகே கணக்குகளைச் சேருங்கள்.

‘ஆர்குளோன் கான்ஃபிக்’ (rclone config) கொடுத்து, ‘என்’ (n) அழுத்தி ஒவ்வொரு கணக்காகச் சேர்க்கலாம். உள்நுழைய பிரவுசர் திறக்கும்; இதை வீட்டுக் கணினியிலேயே முடித்துவிடுங்கள். பிறகு ‘எஸ்’ (s) அழுத்தி, கான்ஃபிக் கோப்புக்குக் கடவுச்சொல் போடுங்கள். போடாவிட்டால் பென்டிரைவை எடுத்தவர் கையில் எல்லாக் கணக்கும். தொலைந்தால் தாமதிக்காமல் ஒவ்வொரு சேவையின் பாதுகாப்புப் பக்கத்திலும் ஆர்குளோனுக்கான அனுமதியை ரத்து செய்யுங்கள்.

கோப்புகளை நகர்த்த ‘காப்பி’ (copy) கட்டளை போதும். ‘சிங்க்’ (sync) கட்டளை, மூலத்தில் இல்லாதவற்றைச் சேருமிடத்திலிருந்து அழித்துவிடும். மூலத்தையும் இலக்கையும் மாற்றி எழுதினால் ஃபோல்டரே காலி. எப்போதும் முதலில் ‘டிரை-ரன்’ (--dry-run, எதையும் மாற்றாத ஒத்திகை) சேர்த்து ஓட்டி, எது போகும், எது அழியும் என்று வரி வரியாகப் படியுங்கள்.

ஒரு சேவையிலிருந்து இன்னொன்றுக்கு அனுப்பும் கோப்பு உங்கள் கணினி வழியாகத்தான் போகும். 10 ஜிபி மாற்றினால் 20 ஜிபி டேட்டா செலவாகும். மொபைல் ஹாட்ஸ்பாட்டில் தொடங்க வேண்டாம்.

பழைய பிரதியை அழிக்கும் முன், இரு பக்கக் கோப்புகளும் ஒன்றுதானா என்று ஒப்பிடும் ‘செக்’ (check) கட்டளையை ஓட்டுங்கள். கூகுள் எம்டி5 என்ற ஹாஷைத் தரும்; ஹாஷ் என்பது கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும், கைரேகை போன்ற குறியீடு. டிராப்பாக்ஸ் தனக்கென வேறு ஹாஷ் வைத்திருக்கிறது. பொதுவான ஹாஷ் இல்லாததால் இவ்விரண்டுக்கும் இடையே ‘செக்’ அளவை மட்டுமே ஒப்பிடும். ‘டவுன்லோட்’ (--download) சேர்த்தால் இரு பக்கமும் இறக்கி உள்ளடக்கத்தையே ஒப்பிடும். நேரம் பிடிக்கும், ஆனால் குடும்பப் படங்களுக்கும் பத்திர ஸ்கேன்களுக்கும் அதைச் செய்தே ஆகவேண்டும்.

கூகுள் டாக்ஸ் ஆவணங்கள் வெளியே போகும்போது வேர்ட், எக்செல் வடிவுக்கு மாறும். அவற்றின் பழைய திருத்த வரலாறு உடன் வராது. அது தேவையென்றால் மூலத்தை அழிக்காதீர்கள்.